பொங்கல் முடிந்ததும் வீட்டை இடிக்கிறார்கள், அதற்குள் எப்படி வரைவது?

கிணற்றடி
ஞாயிறு, இரவு 10.12

திருவல்லிக்கேணியில் எங்கள் தாத்தா வீடு இருக்கிறது. அம்மாவின் அப்பா. பார்த்தசாரதி கோயிலிலிருந்து நடந்தால் ஐந்து நிமிஷம். பில்டரிடம் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, பொங்கல் கழிந்ததும் இடிப்பு. மூன்று மாமா, ஒரு அம்மா, ஆக நாலு பங்கு. தளம் ஒழுகுகிறது, ரிப்பேருக்கு யாரிடமும் பணமில்லை. சரியா தப்பா என்று இங்கே பஞ்சாயத்து வேண்டாம், அது வீட்டிலேயே ஆறு வருஷம் நடந்து முடிந்துவிட்டது.

கேள்வி இதுதான். இடிப்பதற்குள் அந்த வீட்டைப் படமாக வரைந்து அம்மாவிடம் கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு 78. எனக்குக் கோலம் நன்றாக வரும், ட்ராயிங் சுமார். ஆர்ட்டிஸ்ட் யாரிடமாவது கொடுப்பதா, நானே முயல்வதா? தெரு பத்தடி அகலம். எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் வாசல் முழுசாகக் கண்ணில் விழாது. யோசனை சொல்லுங்கள்.

லென்ஸ்மூடி
ஞாயிறு, இரவு 10.40

முதலில் போட்டோ, மற்றதெல்லாம் அப்புறம். ஒவ்வொரு அறையிலும் நாலு மூலையிலிருந்து ஒவ்வொன்று, நிலைப்படியில் நின்று ஒன்று. போனில் 0.5 என்று வரும் அகலக் கோண லென்ஸைத் தொடாதீர்கள், தூணெல்லாம் குடிகாரன் மாதிரி சாயும். வாசலை எடுக்க எதிர்வீட்டு மொட்டை மாடியைக் கேளுங்கள். தாழ்ப்பாள், ஸ்விட்ச் போர்டு, மாடிப்படிக் கைப்பிடி, இவற்றைக் கிட்டே போய் எடுங்கள்.

என் அபிப்பிராயம், அதுவே போதும். ஓவியம் எல்லாம் புது ஃபிளாட் ஹாலில் மாட்டி வந்தவர்களிடம் காட்ட. போட்டோ பொய் சொல்லாது.

மைப்புட்டி
திங்கள், காலை 7.05

லென்ஸ்மூடி சார் சொன்னதில் முதல் பாதிக்குக் கை தூக்குகிறேன். இரண்டாம் பாதிக்கு நான் எதிர்க்கட்சி.

பத்திரிகைகளுக்குப் படம் வரைவது என் பிழைப்பு, இடையில் கேட்பவர்களுக்கு வீடுகளும் வரைந்து தருகிறேன். இன்றைக்கு எடுக்கிற போட்டோவில் என்ன விழும்? சின்டெக்ஸ் டேங்க், கேபிள் ஒயர், முற்றத்துக்கு மேல் யாரோ போட்ட ஃபைபர் ஷீட், கூடத்தைத் தடுத்துக் கட்டிய பிளைவுட் அறை. அது உங்கள் மாமாக்களின் வீடு. அம்மா மனசில் இருப்பது வேறு வீடு. அதனால் பென்சிலைத் தொடுவதற்கு முன்னால் அம்மாவிடம் கேட்க வேண்டியது, எந்த வருஷத்து வீடு? இதைக் கேட்காமல் ஆரம்பித்தால் ஒரே படத்தில் விறகடுப்பும் வாஷிங் மெஷினும் வந்து நிற்கும்.

இன்னொன்று. “வீடு எப்படி இருந்தது?” என்று கேட்காதீர்கள். “நல்லாப் பெரிசா இருந்தது” என்பதோடு முடிந்துவிடும். அவரை மனசுக்குள் நடக்க வையுங்கள். ஸ்கூல் விட்டு வந்தால் பையை எங்கே போடுவீர்கள், தண்ணீர்ப் பானை எந்தப் பக்கம், யார் எங்கே படுப்பார்கள், ராத்திரி கொல்லைக்குப் போக யார் காலைத் தாண்ட வேண்டும். ஒரு பேப்பரில் கட்டம் போட்டுக்கொண்டு அவர் சொல்லச் சொல்லக் கிறுக்குங்கள். தப்பாகப் போடுங்கள், வேண்டுமென்றே போட்டாலும் பாவமில்லை. சைதாப்பேட்டைப் பெரியவர் ஒருவருக்காக அம்மியைக் கதவுக்கு வலது பக்கம் போட்டுக் காட்டினேன். “இல்லப்பா, இடது பக்கம். எங்கம்மா இடதுகைக்காரி” என்றார். அவருடைய பிள்ளைக்கு 50 வயசு. பாட்டி இடதுகைக்காரி என்பது அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

போட்டோ பொய் சொல்லாது என்பது உண்மை. கேட்டால் பதிலும் சொல்லாது.

மனோகர் தேவதாஸ் வரைந்த கட்டடங்களைப் பார்த்திருக்கிறீர்களா? மதுரைக்காரர், வாழ்ந்தது சென்னையில். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோயால் பார்வை குறைந்துகொண்டே போன ஆண்டுகளில்கூட கறுப்பு மையில் நுணுக்கி நுணுக்கிக் கோடு போட்டவர். 2020இல் பத்மஸ்ரீ, 2022இல் காலமானார். சின்ன வயசு மதுரையை அவர் வரைந்ததில் ஞாபகம்தான் பாதி வேலை செய்திருக்கிறது. உங்கள் அம்மாவிடமும் அது இருக்கிறது, கை மட்டும் உங்களுடையது.

வெற்றிலைப்பெட்டி
திங்கள், காலை 9.31

வெளியே கொடுப்பதாக இருந்தால் என் கதையைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

எங்களுடையது மயிலாப்பூர், சித்திரக்குளம் பக்கம். 2009இல் இடித்தோம். அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு ஆன்லைனில் ஒருவரைப் பிடித்து, இருந்த இரண்டு போட்டோவையும் அனுப்பி, 6,500 ரூபாய் கட்டினேன். படம் வந்தது. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. வாசலில் காகிதப்பூக் கொடி, திண்ணையில் குத்துவிளக்கு, ஓரமாக ஒரு பசுமாடு. எங்கள் வீட்டில் மாடு இருந்ததே இல்லை. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “நன்னா இருக்கு. யார் வீடு?” என்றார்.

வரைந்தவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அவருக்கு ‘மயிலாப்பூர் வீடு’ என்று ஒன்று தெரியும், அதை வரைந்தார். எங்கள் வீட்டைப் பற்றி அவரிடம் நாங்கள் எதுவுமே சொல்லவில்லை.

சுட்டபழம்
திங்கள், பகல் 12.02

இவ்வளவு கஷ்டம் எதற்கு அக்கா? போட்டோவைப் போட்டால் வாட்டர் கலர் மாதிரி மாற்றித் தருகிற ஆப் ஆயிரம் இருக்கிறது. எங்கள் பெரம்பூர் வீட்டைப் போட்டேன், பத்து செகண்டில் வந்துவிட்டது. கீழே இணைத்திருக்கிறேன்.

மைப்புட்டி
திங்கள், பகல் 12.20

தம்பி, உங்கள் வீட்டு முன்பக்கம் ஜன்னல் எத்தனை? போட்டோவில் மூன்று, படத்தில் நாலு. மாடிப்படி நேராகப் போய்ச் சுவரில் முட்டுகிறது.

சுட்டபழம்
திங்கள், பகல் 12.24

அட ஆமாம். 😂 அந்த நாலாவது ஜன்னலை அம்மா பார்த்தால் கர்ட்டன் வாங்கச் சொல்வார்.

தூக்குக்குண்டு
திங்கள், மாலை 6.45

38 வருஷம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். அம்மணி, தெரு பத்தடி என்று கவலைப்படுகிறீர்கள். வாசலை ஏன் வரைய வேண்டும்? திருவல்லிக்கேணி வீட்டுக்கு வாசல் என்பது ரயில் எஞ்சினின் மூஞ்சி மாதிரி. வண்டி பின்னால் நீளமாகக் கிடக்கிறது. நீங்கள் போட வேண்டியது நெடுக்குவெட்டு. வீட்டை வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் வாழைப்பழம் மாதிரி நீளவாக்கில் அரிந்து, ஒரு பாதியை எடுத்துவிட்டுப் பக்கவாட்டில் பார்க்கிற படம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையலறை, கிணறு, எல்லாம் வரிசையாக ஒரே தாளில் வந்துவிடும். இந்த மாதிரி வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடையாது. தூரம் போய் நிற்க இடமும் வேண்டாம், டேப் பிடிக்க ஒரு ஆள் இருந்தால் போதும்.

பத்திரத்தைத் தேடி எடுங்கள். சொத்து விவரத்தில் கீழ்மேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்று எழுதியிருக்கும். அதுதான் உங்கள் சட்டகம். பழைய அப்ரூவல் ப்ளூ பிரிண்ட் மடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது, மடிப்பில் கிழியாமல் பிரியுங்கள். உயரத்துக்கு ஏணி வேண்டாம். காரை உதிர்ந்த இடத்தில் ஒரு முழம் உயரத்துக்கு எத்தனை வரிசைச் செங்கல் என்று எண்ணிக்கொண்டால் மேலே உள்ளதைக் கணக்குப் போடலாம்.

அப்புறம் தளம். ஒழுகுகிறது என்றதால் கேட்கிறேன், அது மெட்ராஸ் டெரஸா? கீழிருந்து பார்த்தால் தேக்குச் சட்டங்கள் நெருக்க நெருக்கமாகத் தெரியும். அவற்றுக்கு மேலே கை அகலச் சன்னச் செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, சட்டத்துக்குக் குறுக்கே சாய்வாக, சுண்ணாம்புக் கலவையில் பதித்திருப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடைசியில் தட்டோடு. வெட்டுப்படத்தில் இந்த அடுக்கையெல்லாம் காட்டுங்கள். இடிக்கிற அன்றைக்கு அந்தச் செங்கல்லில் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளவும் மறக்க வேண்டாம்.

கிணற்றடி
செவ்வாய், இரவு 11.15

தூக்குக்குண்டு சார், மெட்ராஸ் டெரஸேதான்! பெயர் இன்றைக்குத்தான் தெரியும். பத்திரமும் கிடைத்தது. கீழ்மேல் 19 அடி, தென்வடல் 84 அடி. முக்கால் கிரவுண்டுகூட இல்லை, இதற்கா ஆறு வருஷம் சண்டை போட்டோம்.

அம்மாவிடம் வருஷம் கேட்டேன். யோசிக்கவே இல்லை. “1965, கோடை லீவு, மத்தியானம்.” கல்யாணத்துக்கு முந்தின கோடை. நான் ஏதோ நவராத்திரி, தீபாவளி என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

நானே போடுவதாக முடிவு செய்துவிட்டேன். தாள், பேனா என்ன வாங்குவது?

மைப்புட்டி
புதன், காலை 6.50

மத்தியானம் என்று சொன்னாரே, அதற்கே ஒரு கும்பிடு. வெயில் எங்கே விழும் என்ற பிரச்சினை தீர்ந்தது. சித்திரை இரண்டாம் வாரத்தில் சென்னைக்குச் சூரியன் நேர் உச்சி, மறுபடி ஆவணி பிறக்கிற சமயத்தில். கோடை நடுப்பகல் என்றால் முற்றத்தில் கட்டம் கட்டமாக நேர்க்குத்தாக இறங்கும், சுவரில் சாயாது. மார்கழி என்று சொல்லியிருந்தால் தெற்கே சாய்ந்த வெயிலை வடக்குச் சுவரில் போட வேண்டியிருக்கும்.

84 அடியை ஒன்றுக்கு ஐம்பது அளவில் போட்டால் அரை மீட்டருக்குச் சற்று மேல். ஏ2 தாளில் உட்கார்ந்துவிடும். அடிக்கு ஆறு மில்லிமீட்டர். காட்டன் தாள், 300 ஜிஎஸ்எம். மலிவுத் தாள் நம்மூர் ஈரத்துக்கு மூன்று வருஷத்தில் பழுப்புப் புள்ளி போடும். பேனா, பிக்மென்ட் மை உள்ள 0.1, 0.3, 0.5. சாதாரண ஜெல் பேனா வேண்டாம், மேலே வர்ணம் தடவினால் கரைந்து ஓடும்.

ரெட் ஆக்சைடு தரைக்குக் கடையில் ‘சிவப்பு’ என்று வாங்கி அடித்துவிடாதீர்கள். இந்தியன் ரெட்டில் துளி பர்ன்ட் சியன்னா, இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்தபின். கதவு என்ன நிறம் என்று சண்டை வந்தால் (வரும்) கீல் ஓரமாக ஒரு சிலும்பு பெயின்ட்டை பிளேடால் பெயர்த்து வெளிச்சத்தில் பக்கவாட்டில் பாருங்கள். மேலே பிரவுன், கீழே சாம்பல், அதற்கும் கீழே பச்சை என்று அடுக்கு தெரியும். எந்தக் கல்யாணத்துக்கு எந்தப் பெயின்ட் என்று மாமாக்கள் சொல்லிவிடுவார்கள்.

மூணாம்_மாடி
புதன், இரவு 9.58

இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். எல்லாம் சரி. திண்ணை, முற்றம், கடுக்காய்த் தண்ணீர். எங்களுக்கு அதெல்லாம் கிடையாது சார். கே.கே. நகர் ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி, இரண்டு ரூம். பிளாக்கை இடித்தபோது ஒரு பேப்பரிலும் வரவில்லை, யாரும் ஸ்கெட்ச் புக்கோடு வந்து உட்காரவும் இல்லை. ஆனால் நான் பிறந்ததும் அக்கா கல்யாணம் நடந்ததும் அங்கேதான்.

அதனால் நானே போட்டேன். கிராஃப் பேப்பர், ஸ்கேல், அவ்வளவுதான். முழு பிளாக்கையும் நேராகப் பார்க்கிற படம். பதினாறு வீடு, பதினாறு பால்கனி. பெட்டி பெட்டியாகப் போட்டுவிட்டு வாட்ஸ்அப் குரூப்பில் “அவங்கவங்க பால்கனியில என்ன இருந்துச்சு, சொல்லுங்க” என்று கேட்டேன். இரண்டு நாள் போன் சூடு ஆறவில்லை. ஒரு வீட்டில் புறாக்கூண்டு, ஒரு வீட்டில் பழுதான டிவிஎஸ் 50ஐப் பகுதி பகுதியாகக் கழற்றி மேலே ஏற்றி வைத்திருந்தார்கள். எங்கள் பால்கனியில் நீல டிரம் இரண்டு. 2019 கோடையில் லாரித் தண்ணீரைக் கீழேயிருந்து குடம் குடமாக நானும் அண்ணனும் சுமந்து ஏற்றியது அதில்தான். அந்த டிரம்மின் மூடியில் இருந்த வெடிப்பைக்கூடப் போட்டிருக்கிறேன்.

பெர்ஸ்பெக்டிவ் எல்லாம் தெரியாது. பதினாறு வீட்டுக்காரர்களும் பிரிண்ட் கேட்டு வாங்கினார்கள்.

தூக்குக்குண்டு
வியாழன், காலை 5.40

தம்பி, அதற்கு எலிவேஷன் என்று பெயர். பெர்ஸ்பெக்டிவ் தெரியாமல் நீங்கள் போட்டதுதான் சரியான முறை. படத்தை இங்கே போடுங்கள், பார்க்க வேண்டும்.

லென்ஸ்மூடி
வியாழன், காலை 8.15

நானும் பார்க்க வேண்டும். இரண்டு நாளாகக் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் ஜாஃபர்கான்பேட்டை வீட்டில் கீழ்த்தளம் முழுக்க மூழ்கியது. ஆல்பம் எல்லாம் கீழ் அலமாரியில். காய்ந்தால் பிரிந்துவிடும் என்று வெயிலில் வைத்தேன், போட்டோக்காரன் நானே செய்த முட்டாள்தனம். காய்ந்ததும் பிளாஸ்டிக் உறையோடு சேர்ந்து உரிந்து வந்தது, அப்பாவின் பாதி முகம் இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். ஈரமாக இருக்கும்போதே சுத்தமான தண்ணீரில் மிதக்க விட்டுப் பிரித்திருந்தால் ஸ்டூடியோ பிரிண்ட்களில் பாதியாவது தேறியிருக்கும். ஆகவே வரைகிறவர்கள் எல்லோரும், வரைவதற்கு முன் வீட்டு ஆல்பத்தை ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், ஒவ்வொன்றாகப் போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெற்றிலைப்பெட்டி
வியாழன், காலை 10.20

படத்தில் ஆட்களைப் போடப் போகிறீர்களா? எனக்கு அதில் சம்மதமில்லை. காலமானவர்களை உட்கார வைத்தால் அம்மாவுக்குத் தாங்குமா?

மைப்புட்டி
வியாழன், காலை 10.48

தாங்குமா என்பதை அம்மாதான் சொல்ல வேண்டும், நாம் இல்லை. எனக்குத் தெரிந்த தொழில் ரகசியம் ஒன்றுதான். முகம் வராவிட்டால் முதுகைப் போடுங்கள். மத்தியானத் தூக்கம் என்பதால் உங்களுக்கு அதிர்ஷ்டம், எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கட்டும்.

மட்டுறுத்துநர்
வியாழன், மாலை 4.00

இழை நன்றாகப் போகிறது. ‘பழைய வீடுகளை இடிக்கலாமா’ விவாதத்தைத் தனி இழைக்கு நகர்த்திவிட்டேன். அங்கே சண்டை போடுங்கள்.

கிணற்றடி
மார்கழி 11, இரவு 11.50

ஐந்து வாரமாக இங்கே வரவில்லை, மன்னிக்கவும். முடிந்துவிட்டது. ஏறக்குறைய.

சனி, ஞாயிறெல்லாம் டேப்போடு திரிந்தோம். பெரிய மாமாவும் வந்துவிட்டார். அம்மாவும் அவரும் பங்குப் பேச்சுக்கு அப்புறம் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. கூடத்து ஊஞ்சல் எந்தப் பக்கம் ஆடியது என்று நான் கேட்டதும் ஆரம்பித்தது. அம்மா, வாசலைப் பார்த்து என்கிறார். மாமா, பக்கச் சுவரைப் பார்த்து என்கிறார். ஒரு மணி நேரம். கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தால் சட்டத்தில் ஐந்தாறு பூச்சுப் பெயின்ட்டுக்கு அடியில் இரண்டு கொக்கி. மாமா சொன்னபடிதான். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, “கொக்கியை எப்பவோ மாத்திப் போட்டிருக்கான்” என்றார். மாமா சிரித்துவிட்டார். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

கொக்கிப்படியே ஊஞ்சலைப் போட்டேன். கதவு நீங்கள் சொன்ன மாதிரி பிளேடு வைத்துப் பார்த்ததில் அடியில் பச்சை. கிணற்று ராட்டினம், உறி, தாத்தாவின் ஈஸிசேர், கூடத்தில் திரும்பிப் படுத்த ஆறு முதுகு. பாட்டியின் முதுகை மட்டும் மூன்று தடவை அழித்துப் போட்டேன், அம்மாவுக்குத் திருப்தி வரவில்லை. “இன்னும் கொஞ்சம் ஒருக்களிச்சு” என்றுகொண்டே இருந்தார்.

மை போட்டு, வர்ணம் தடவி, நேற்று மாலை காட்டினேன். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் விரலை நகர்த்திக்கொண்டே போனார். அழுவார் என்று மாமா கர்ச்சீப்பைத் தயாராக வைத்திருந்தார். விரல் சமையலறையில் நின்றது.

“மத்தியானம்னு சொல்றே. எல்லாரும் படுத்தாச்சு. சமையலறைக் கதவை இப்படித் திறந்து போட்டிருக்கியே, பூனை வராது? பால் இருக்குமே.”

சார், கதவு 0.3 மையில் போட்டது. உள்ளே அடுப்பு, பரணில் பித்தளை அடுக்கு என்று மூன்று நாள் உட்கார்ந்து வரைந்திருக்கிறேன். இதை எப்படிச் சாத்துவது?

மைப்புட்டி
மார்கழி 12, காலை 6.10

அழிக்கவும் வேண்டாம், வெள்ளை பூசி மறைக்கவும் வேண்டாம். அதே தாளில் கதவளவுக்கு ஒரு துண்டு வெட்டிப் பச்சைக் கதவாக வரையுங்கள். ஒரு ஓரத்தில் மட்டும் மெல்லிசுக் காகிதத்தில் கீல் மாதிரி ஒட்டிவிடுங்கள். சாத்தினால் பூனைக்கு வழியில்லை, திறந்தால் உங்கள் பித்தளை அடுக்கு தெரியும்.

சட்டம் போட தேவராஜ முதலி தெருவுக்குப் போவதாக இருந்தால், கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மவுண்ட் வைத்து அரை இஞ்ச் இடைவெளி விடச் சொல்லுங்கள், கதவு மடங்காது. அட்டை அமிலம் இல்லாததாகக் கேளுங்கள். ஆனால் சட்டத்துக்குள் போய்விட்டால் அம்மாவால் கதவைத் திறந்து மூட முடியாது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

தூக்குக்குண்டு
மார்கழி 12, காலை 6.25

கதவு உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கமா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு ஒட்டவும்.

கிணற்றடி
மார்கழி 12, காலை 7.40

கேட்டேன். வெளிப்பக்கம்தானாம், கூடத்தைப் பார்த்து. மாமா உள்பக்கம் என்கிறார். போனில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

சட்டம் வேண்டாம், ஃபோல்டரில் வைத்துக்கொள்கிறேன் என்று அம்மா சொல்லிவிட்டார். ஒட்டுவதற்கு மைதாப் பசை காய்ச்சலாமா?

மைப்புட்டி
மார்கழி 12, காலை 7.44

ஐயோ, மைதா வேண்டாம். கரப்பான் வந்து கதவையே தின்றுவிடும்.